அச்சின் அச்சு

(பொது அரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விக்டோரியா காலத்துச் சவரன்களைக் கோத்த காசுமாலை இன்னும் சில வீடுகளின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஆசாரி ராணியின் தலைக்கு நேர் மேலே வளையம் பற்றவைத்திருப்பார். மாலையைக் கழுத்தில் போட்டால் ராணி நிமிர்ந்து தொங்குவார். அந்த மாலையை மடியில் பரப்பி ஒவ்வொரு காசாகப் புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சில காசுகளில் குதிரைமேல் அமர்ந்து நாகத்தை வதைக்கும் புனித ஜார்ஜ் நேராக இருப்பார். வேறு சிலவற்றில் குதிரையின் கால்கள் வானத்தைப் பார்க்கும்.

ஆசாரி பிசகவில்லை. 1887-இல் ராணியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டிச் சவரனுக்குப் புதிய தலை உருவம் வந்தபோது, இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்க்கும் விதமும் மாறியது. அதற்கு முந்தைய சவரன்களில் பின்பக்கம் தலைகீழ், பிந்தையவற்றில் நேர். ஒரே மாலையில் இரண்டு தலைமுறைக் காசுகளும் கலந்து தொங்குகின்றன, அவ்வளவுதான்.

இதைச் சோதிக்கக் காசுமாலைதான் வேண்டும் என்றில்லை. அரங்கில் இருப்பவர்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுக்கலாம். சிங்கத் தூண்தலை நிமிர்ந்து நிற்க, உச்சியில் ஆள்காட்டி விரல், அடியில் கட்டைவிரல் என்று பிடித்து, கதவு திரும்புவதுபோல் அரைச் சுற்று சுற்றினால் மறுபக்கத்து எண்ணும் நேராகவே வரும். அமெரிக்காவிலிருந்து வந்த பேரன் கொடுத்த கால் டாலர் கைவசம் இருந்தால் அதையும் இப்படியே சுற்றலாம். வாஷிங்டன் நிமிர்ந்திருக்க, பின்பக்கம் தலைகுப்புற வரும். அங்கே அதுதான் முறை.

முதல் வகைக்குப் பதக்கத் திருப்பம் என்றும் இரண்டாவதற்குக் காசுத் திருப்பம் என்றும் சேகரிப்பாளர்களிடையே பெயர். பதக்கம் நாடாவில் தொங்குவது. காற்றில் புரண்டாலும் மறுமுகம் நேராக நிற்க வேண்டும். மேசையில் கிடக்கும் காசைக் கீழ் விளிம்பில் நகத்தால் நெம்பி மேல்நோக்கிப் புரட்டுகிற கைக்கோ காசுத் திருப்பம்தான் நேராகத் தெரியும். பிரெஞ்சு பிராங்க் கடைசிவரை காசுத் திருப்பத்தில் இருந்தது. 2002-இல் அதன் இடத்துக்கு வந்த யூரோ பதக்கத் திருப்பம். அந்த ஆண்டின் முதல் சில வாரங்களுக்குள் பிரான்ஸ் நாட்டுப் பைகளில் கிடந்த காசுகளின் பின்பக்கமெல்லாம் அரை வட்டம் சுழன்றுவிட்டது என்று சொல்லலாம்.

தமிழில் இதைப் பேச வருகிறவர் முதலில் ஒரு சொல்லில் இடறுவார். காசைப் பொறிக்கும் எஃகுக் கட்டை அச்சு. வண்டிச் சக்கரம் சுழலும் தண்டும் அச்சு. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போடும் கோடும் அச்சு. ஆங்கிலத்தில் ‘டை ஆக்சிஸ்’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘அச்சின் அச்சு’. போதாக்குறைக்கு, பிற்காலச் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளிலும் அச்சு என்பது ஒரு காசின் பெயராகவே வருகிறது. குழப்பம் வேண்டாம் என்று இந்த உரை முழுவதும் ‘அச்சுக் கோணம்’ என்ற சொல்லே ஆளப்படுகிறது. பழங்காசுக் கடைக்காரர் ‘ரொட்டேஷன் எரர்’ என்பார். அது பிழைக் காசின் பெயர். கோணமோ பிழையில்லாத காசுக்கும் உண்டு.

கோணம் எங்கிருந்து வருகிறது? எந்திரம் வருவதற்கு முன் காசு அடித்தவை இரண்டு அச்சுகளும் ஒரு சம்மட்டியும்தான். கீழ் அச்சைப் பட்டடைக்கல்லில் பதித்திருப்பார்கள். அதன்மேல் உலோக வில்லை. அதற்கும் மேலே, தடித்த உளிபோல் கையில் பிடித்த மேல் அச்சு. சம்மட்டி இறங்கியதும் இரண்டு முகமும் ஒரே நொடியில் விழும். கீழ் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும்; மேல் அச்சு ஒவ்வொரு அடிக்கும் எடுத்து வைப்பது. அது உருண்டைத் தண்டாக இருந்தால் விரல்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் சுழன்றிருக்கலாம். அந்த நொடியில் அந்தக் கை எப்படி இருந்தது என்பதன் பதிவே கோணம். அச்சைச் செதுக்கிய கலைஞனை கிரேக்கத் தேவி அதேனாவின் மூக்கிலும் மன்னனின் தாடியிலும் பார்க்கலாம். வெயிலிலும் உலைச் சூட்டிலும் நின்று நாளெல்லாம் அடித்த ஆளைப் பார்க்க வேண்டுமானால், மையம் பிசகிய விளிம்பும் இந்தக் கோணமும்தான் மிச்சம்.

நாணயவியலார் இதைக் கடிகார மணியாக எழுதுவார்கள். முகப்பை நேராக வைத்து, காசை இடம் வலமாகப் புரட்டினால் பின்பக்க உருவத்தின் தலை எந்த மணியைக் காட்டுகிறதோ அதுவே கோணம். நேராக நின்றால் 12 மணி, தலைகீழென்றால் 6 மணி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பட்டியலில் எடை, விட்டம் இவற்றின் பக்கத்திலேயே இந்த மணியும் இருக்கும். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தரவுத்தளத்திலும் அதற்கென ஓர் இடம் உண்டு.

இந்தப் பழக்கத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. சுவிட்சர்லாந்தின் இம்ஹூஃப்-புளூமர் 1878-இல் மேற்குக் கிரேக்கத்து அக்கர்னானியாவின் காசுகளைப் பற்றி எழுதியபோது, எந்தக் காசு எந்த அச்சில் பிறந்தது என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறைக்கு வழி போட்டார். ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் மெக்டொனால்ட் கோணத்தையே தனிப் பொருளாக எடுத்துக்கொண்டார். பார்க்லே ஹெட் என்னும் நாணய அறிஞரைச் சிறப்பித்து 1906-இல் ஆக்ஸ்போர்டில் வெளியான தொகுதியில் மெக்டொனால்டின் கட்டுரை இருக்கிறது. தலைப்பு, ஏறத்தாழ, ‘நிலைத்த அச்சும் தளர்ந்த அச்சும்’. மேல் அச்சுக்குத் திசை கட்டப்பட்டிருந்ததா, அல்லது அது அடிப்பவன் போக்குக்கு விடப்பட்டிருந்ததா என்பதே கேள்வி. ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் விடை வேறுபடுவதை அவர் காட்டினார்.

ஏதென்ஸ் நகரத்து ஆந்தைக் காசைவிட நல்ல எடுத்துக்காட்டு இதற்குக் கிடையாது. முன்னே அதேனா தேவி, பின்னே ஆந்தை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வெள்ளியைக் குவித்து அடித்துத் தள்ளிய காலத்தில் ஆந்தை எந்தத் திசையிலும் இருக்கும்: ஒன்றில் 4 மணி, அடுத்ததில் 7, இன்னொன்றில் 9. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்தால் நிலைமை வேறு. அந்தக் காசுகளில் தேவியின் தலைக்கவசத்து இலைக்கொடி ‘பை’ என்னும் கிரேக்க எழுத்துபோல் இருப்பதால் ‘பை பாணி’ என்று பெயர். வில்லையைப் பார்த்தால் அவசரமும் அலட்சியமும் தெரியும். மடித்து நசுக்கிய வெள்ளி, தேவியின் முகம் பாதி விளிம்புக்கு வெளியே. ஆனால் ஆந்தை மட்டும் காசுக்குக் காசு 8 மணிக்கோ 9 மணிக்கோ ஒழுங்காகப் படுத்திருக்கிறது! அடுத்து, கி.மு. 2ஆம் நூற்றாண்டில், ஆலிவ் மாலைக்குள் ஆந்தை நிற்கும் ‘புதிய பாணி’ நான்கு திராக்மாக் காசுகள் வந்தன. அவற்றில் 12 மணி, அப்பழுக்கில்லாமல்.

ஊர் ஒன்று, தேவி ஒன்று, பறவை ஒன்று. பட்டறை மட்டும் இரண்டு முறை பழக்கத்தை மாற்றியிருக்கிறது. நடுவில் வந்த 9 மணிதான் மிகச் சுவையானது. அழகுக்காக யாரும் ஆந்தையைப் படுக்கப் போடமாட்டார்கள். மேல் அச்சின் தண்டில் ஒரு குறியோ வெட்டோ இருந்து, அடிப்பவர் அதை எப்போதும் தன் பக்கமாக வைத்துப் பிடித்திருக்க வேண்டும். குறி உருவத்தின் தலைக்கு நேராக அமையாமல் பக்கவாட்டில் அமைந்திருக்க வேண்டும். இது ஊகம்தான். ஆனால் வேறெந்தத் தடயமும் இந்த ஊகத்துக்குக்கூட இடம் கொடுப்பதில்லை.

மற்ற இடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். தாலமி மன்னர்களின் எகிப்தில் பெரும்பாலும் 12 மணி. ரோமக் குடியரசின் தினாரிகளில் பொதுவாக ஒழுங்கு இல்லை. பேரரசு நிலைபெற்ற பின் ரோம் நகர அக்கசாலை 12-க்கும் 6-க்கும் வந்து சேர்ந்தது. பைசாந்தியத்தில் 6 ஆட்சி செய்கிறது. இந்தியாவின் வடமேற்கில் இந்தோ-கிரேக்கர் கடைப்பிடித்த 12 மணியைக் குஷாணர்களின் பொற்காசிலும் காணலாம். அரசன் ஒருபுறம் நின்றால், தெய்வம் மறுபுறம் அவனோடு சேர்ந்தே நிமிர்ந்து நிற்கும்.

இங்கிலாந்தில் மட்டும் சற்று நிற்க வேண்டும். 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே அடிக்கப்பட்ட வெள்ளிப் பென்னிகளை அளந்தபோது, கோணங்கள் 12, 3, 6, 9 என்ற நான்கு இடங்களில் குவிந்தன. அச்சுகள் சதுரக் கட்டைகளாக இருந்து, ஒன்றின் பக்கம் மற்றதன் பக்கத்தோடு பொருத்தப்பட்டிருந்தால்தான் இப்படி வரும். காசு வட்டம். அதை அடித்த கருவி சதுரம் என்பதை வட்டக் காசே சொல்லிக் கொடுக்கிறது.

இவ்வளவு பேசும் கோணத்தைப் புகைப்படத்தில் தேடினால் கிடைக்காது. இந்த இடத்தில்தான் கேமரா உள்ளே வருகிறது. வந்து காரியத்தைக் கெடுக்கிறது.

எந்த ஏல நிறுவனத்தின் பட்டியலையும் புரட்டலாம். இடது பக்கம் முகப்பு, வலது பக்கம் பின்புறம், இரண்டும் நேராக, கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையும் பெண்ணும்போல். பின்பக்கம் உண்மையில் 4 மணிக்குச் சாய்ந்திருந்தாலும் படம் எடுப்பவர் அதைத் திருப்பி நேராக்கிவிடுவார். வாங்குகிறவர் கண்ணுக்கு அதுதான் வசதி. இது இன்றைய கேமராவோடு வந்த பழக்கமும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் காசின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாஸ்டர் வார்ப்பு எடுத்து, அந்த வெள்ளை வில்லைகளை அட்டையில் நேர் நேராக ஒட்டிப் படம் பிடித்தார்கள். வார்ப்பு பிரிந்த அன்றே கோணம் போய்விட்டது. அதனால்தான் கட்டுரைகளில் சிறிய அம்புக்குறிகளை அச்சிட வேண்டியிருந்தது. படம் விழுங்கியதை அம்பு திருப்பிக் கொடுத்தது. அம்பு போடாத பட்டியலில் அதுவும் இல்லை.

தரச் சான்று நிறுவனங்கள் காசை ஒரு பிளாஸ்டிக் பேழைக்குள் அசையாமல் அடைத்துத் தருகின்றன. பேழையின் இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படம் பிடித்தால் கோணம் தப்பிப் பிழைக்கும். சாய்ந்த பின்பக்கம் பேழைக்குள்ளும் சாய்ந்தே இருக்கும். ஆனால் விற்பனைக்குப் போடுகிறவர் படத்திலிருந்து பேழையைக் கத்தரித்து வட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கையோடு நேராக்கியும் விடுகிறார்.

அப்படியானால் கோணத்தைக் காப்பாற்றும் படத்தை எப்படி எடுப்பது? விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காசின் தடிமனுக்குப் பொருந்தும் அட்டை, கத்தி, ஊசி, ஒரு மேசை ஸ்கேனர் போதும். அட்டையில் காசு இறுக்கமாக உட்காரும்படி வட்டம் வெட்ட வேண்டும். வட்டத்துக்கு வெளியே, எதிரெதிர் மூலைகளில், ஊசியால் இரண்டு துளைகள். காசை அட்டையில் பொருத்தி ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து, அட்டையோடு புரட்டி மறுபக்கத்தையும் செய்ய வேண்டும். காசை அட்டையிலிருந்து எடுக்கவே கூடாது; விரல் பட்டு அது சற்றுச் சுழன்றாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

துளைகள் எதற்கு? அவை மட்டுமே இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிகிற பொருள்கள். இரண்டாவது படத்தைக் கணினியில் கண்ணாடி பிம்பம்போல இடவலமாக மாற்றி, முதல் படத்தின் மேல் துளைக்குத் துளை பொருத்திவிட்டால், காசு பளிங்கால் ஆனதுபோலவும் முகப்பின் ஊடே பின்பக்கம் தெரிவதுபோலவும் ஆகிவிடும். இப்போது ராணியின் உச்சிக்கு ஒரு கோடு, குதிரைவீரனின் உச்சிக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் இடையில் உள்ளதுதான் அச்சுக் கோணம். பிம்பப் படத்தில் இடப்பக்கம் சாய்ந்து தெரிவது உண்மையில் வலப்பக்கச் சாய்வு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இதில் இடறாதவர் குறைவு.

துளை போட மனமில்லாதவர்கள் அட்டையின் விளிம்பையே நம்பிப் புரட்டுவார்கள். அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கேமராவின் செங்குத்துக் கோட்டைச் சுற்றி அட்டையைச் சரியாகப் புரட்டினால், முதல் படத்தில் அட்டை எவ்வளவு கோணலாக இருந்தாலும் கவலையில்லை. முன்பக்கம் வலமாகச் சாய்ந்த அளவு பின்பக்கத்தில் இடமாகச் சாயும். இரண்டு பக்கத்துச் சாய்வுகளையும் கூட்டும்போது அது தானே அடிபட்டுப் போகும். ஆம், கூட்டத்தான் வேண்டும். கழித்துவிட்டு விடை பொருந்தவில்லையே என்று விழிப்பவர்கள் உண்டு. ஆனால் புரட்டுகிற கோடே சாய்ந்திருந்தால் பிழை இரட்டிப்பாகும். நிலைக்கண்ணாடியை 1 பாகை திருப்பினால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி 2 பாகை திரும்புகிறதல்லவா, அதே கதை. கை 5 பாகை கோணலாகப் புரட்டினால் விடையில் 10 பாகை பிசகு.

படத்தின் நுணுக்கமோ தேவைக்கு மேலேயே இருக்கிறது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள காசை அங்குலத்துக்கு 1,200 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால், காசின் குறுக்கே கிட்டத்தட்ட 1,180 புள்ளிகள் கிடைக்கும். விளிம்பில் 1 பாகை என்பது 0.22 மில்லிமீட்டர், அதாவது சுமார் 10 புள்ளிகள். செல்போன் கேமராவும் போதும். போனைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் நீள்வட்டமாகும் என்பது உண்மை. ஆனால் 15 பாகை சாய்த்தாலும் கோணத்தில் ஏறக்குறைய 1 பாகைக்கு மேல் தவறு வராது. பழங்காசை மணிக் கணக்கில் எழுதுகிறவருக்கு, ஒரு மணி என்பதே 30 பாகை என்பதால், இது பொருட்டே அல்ல. புதிய லென்ஸ் வாங்க நினைப்பவர் அந்தப் பணத்துக்கு நல்ல அட்டையும் கூர்மையான கத்தியும் வாங்கலாம். மிச்சத்துக்கு ஒரு காசு வாங்கலாம்.

ஸ்கேனரில் ஒரு எச்சரிக்கை. மெல்லிய, மலிவான வகை ஸ்கேனர்கள் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பரப்பை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். காசின் குழிந்த களம் மங்கிவிடும். லென்சும் சிசிடி உணரியும் கொண்ட பழைய, கனத்த வகைதான் காசுக்கு ஏற்றது. பலர் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

உண்மையான சிக்கல் வேறொரு இடத்தில் காத்திருக்கிறது: எது ‘மேல்’? இன்றைய ரூபாயில் தூண்தலையின் அடிப்பீடம் கிடைக்கோடாக இருக்கிறது. அதற்குச் செங்குத்து மேல். சண்டையில்லை. பழங்காசில் மன்னன் நிமிர்ந்து பார்க்கிறானா, தலை கவிழ்ந்திருக்கிறானா என்பதிலேயே 10 பாகை போய்விடும். இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்ட சங்ககாலப் பாண்டியர் செப்புக்காசுகளை எடுத்துக்கொள்ளலாம். ‘பெருவழுதி’ என்ற பெயர் பொறித்த சதுரக் காசின் முன்புறம் குதிரை. அதன் கால் எந்தப் பக்கமோ அது கீழ். பின்புறத்து மீனோ சில நேர்கோடுகளால் ஆன வரைவுச் சின்னம். அந்த மீனுக்கு மேல் எது, கீழ் எது என்று முதலில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளாமல் கோணம் எழுதினால், ஒருவர் எழுதிய 12 மற்றவருக்கு 6 ஆகும். சதுரக் காசில் அடிப்பவர் வில்லையின் பக்கத்துக்கு இணையாக அச்சை வைத்திருந்தால் கோணம் நான்கு இடங்களில்தான் விழும். இங்கிலாந்தில் அச்சின் சதுரம் செய்த வேலையை இங்கே வில்லையின் சதுரமே செய்துவிடும்.

தேய்ந்த காசில் ‘மேல்’ தேடுகிறவருக்கு வெளிச்சம்தான் துணை. நேர் மேலிருந்து விழும் ஒளியில் தட்டையாகத் தெரியும் காசு, பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வைத்ததும் எழுந்து நிற்கும். ஹியூலெட்-பக்கார்ட் ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஒரு முறை இதை வெகுதூரம் கொண்டுபோனது. கேமராவும் பொருளும் அசையாது. விளக்கு மட்டும் அரைக்கோளமாகச் சுற்றிவரப் பல படங்கள் எடுக்கப்படும். பிறகு திரையில் சுட்டியை நகர்த்தினால் வெளிச்சம் நகரும். கல்வெட்டுக்கும் களிமண் பலகைக்கும் காசுக்கும் இன்று இது பரவலாகப் பயன்படுகிறது. மறைந்துபோன எழுத்து வரிசையின் அடிக்கோடு இரண்டு எழுத்தளவு தென்பட்டால் போதும், ‘மேல்’ கிடைத்துவிடும்.

கணினியிடமே அளக்கச் சொல்ல முடியாதா என்று கேட்கலாம். முடியும். வட்டப் படத்தை மையத்திலிருந்து பாய் விரிப்பதுபோல் விரித்து நீளப் பட்டையாக்கினால், சுழற்சி வெறும் பக்கவாட்டு நகர்வாகிவிடும். மாதிரிக் காசின் பட்டையோடு அதை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, எங்கே மிக நன்றாகப் பொருந்துகிறதோ அங்கே நிறுத்தலாம். யூரோ வந்த பிறகு ஐரோப்பாவில் பல நாட்டுப் பழைய சில்லறை கலந்து மலையாகக் குவிந்தபோது, ஆஸ்திரியாவில் ‘டாகோபர்ட்’ என்ற தரம் பிரிக்கும் எந்திரத்தை உருவாக்கினார்கள். பட்டையில் ஓடும் காசு எந்தக் கோணத்தில் வந்து விழும் என்று தெரியாததால், கோணத்தைக் கண்டுபிடிப்பது அதன் வேலையில் பாதி. (ஜெர்மன் மொழியில் டொனால்ட் டக்கின் கஞ்சப் பணக்கார மாமாவுக்கும் இதே பெயர்தான்.) அந்த எந்திரத்துக்குக் கோணம் ஒரு தொல்லை, கண்டுபிடித்துக் கழித்துவிட வேண்டிய ஒன்று. நாணயவியலாருக்கு அந்தக் கழிவுதான் சரக்கு.

நூறு காசுகளை அளந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுக்கப் போகிறவர் ஒரு குழியில் விழுவார். ஒரு காசு 359 பாகை, மற்றது 1 பாகை. கூட்டி இரண்டால் வகுத்தால் 180. இரண்டு காசும் ஏறக்குறைய நேராக நிற்க, சராசரி தலைகீழாக நிற்கிறது! வட்டத்தில் சாதாரணச் சராசரி செல்லாது. ஒவ்வொரு கோணத்தையும் ஓர் அடி நடையாகக் கருதி, அந்தத் திசையில் ஓர் அடி வைத்து, அங்கிருந்து அடுத்த திசையில் ஓர் அடி வைத்து, நூறு அடியும் முடிந்தபின் புறப்பட்ட இடத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். வெகுதூரம் வந்திருந்தால் அச்சு நிலைத்தது. போதையில் நடந்தவர்போல் புறப்பட்ட இடத்தைச் சுற்றியே நின்றால் அச்சு தளர்ந்தது. புள்ளியியலில் இதற்கு இருக்கும் சோதனை ரேலே பிரபுவின் பெயரால் வழங்குகிறது.

எந்திரக் காலத்துக்கு வந்தால் கேள்வியே மாறுகிறது. இங்கே கோணம் முன்கூட்டியே முடிவானது. அதிலிருந்து விலகினால்தான் செய்தி. அழுத்து எந்திரத்தில் அச்சைப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்தால், ஒவ்வொரு அடியின் அதிர்விலும் அச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழலும். யாராவது கவனித்து நிறுத்தும்வரை காசுகள் கோணலாகவே விழுந்துகொண்டிருக்கும். சில வேளைகளில் அச்சை மாட்டும்போதே தலைகீழாக மாட்டிவிடுவதும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இருநூறாம் ஆண்டை ஒட்டி டென்வர் நாணயச்சாலை 1989-இல் அடித்த வெள்ளி டாலர்களில் சில, அந்த நாட்டு முறைக்கு மாறாக, முழு 180 பாகை திரும்பி வெளியே வந்துவிட்டன. காசுத் திருப்பத்தில் இருக்க வேண்டியவை பதக்கத் திருப்பத்தில் இருந்தன. நம் ஊர்க்காரர் ஒருவர் கையில் அது கிடைத்திருந்தால், ரூபாய்போலத்தானே இருக்கிறது என்று பேசாமல் வைத்திருப்பார்.

படிப்படியாகச் சுழன்ற அச்சுதான் ஆய்வுக்கு விருந்து. அச்சில் வெடிப்பு விழுந்தால் அது ஒவ்வொரு காசிலும் மெல்லிய மேட்டுக் கோடாகப் பதியும். வெடிப்பு வளர வளரக் கோடும் வளரும். இந்த வளர்ச்சியைக் கொண்டு எந்தக் காசு முன்னே பிறந்தது, எது பின்னே என்று அடுக்கலாம். அந்த வரிசையில் கோணங்களையும் எழுதிக்கொண்டே போனால், பிடி எப்போது தளரத் தொடங்கியது, எப்போது யாரோ வந்து இறுக்கினார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆரம்பகால அமெரிக்கச் செம்புச் சென்டுகளைச் சேகரிப்பவர்கள் இதைப் பொறுமையாகச் செய்கிறார்கள்.

போலிகளைப் பிடிக்கவும் கோணம் உதவும். தளர்ந்த அச்சில் கையால் அடித்த காசுகள் ஒரே அச்சு இணையில் பிறந்திருந்தாலும் கோணத்தில் வேறுபடும். சந்தையில் மூன்று காசுகள் ஒரே அச்சு, ஒரே விளிம்பு வெட்டு, ஒரே 7 மணி என்று வந்தால், அவை ஒரு தாய்க்காசிலிருந்து வார்த்த மூன்று பிள்ளைகள் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஏலப் பட்டியல் மூன்றையும் நேராக்கி அச்சிட்டிருந்தால் அந்தச் சந்தேகம் எழ வழியே இல்லை. அழகுக்காகச் செய்த காரியம் திருடனுக்கு உதவுகிறது. அருங்காட்சியகங்கள் எண்ணிமப் படங்களை ஆயிரக்கணக்கில் எடுத்துவரும் இந்தக் காலத்தில், ஒரு பக்கத்தைத் திருப்பும் முன் எவ்வளவு திருப்புகிறோம் என்று குறித்து வைப்பதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

வீட்டிலேயே பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சென்னையோடு தொடர்புள்ள ஒரு காசு இருக்கிறது. மேத்யூ போல்ட்டனின் பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலை, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்துக்காக, நீராவி எந்திரத்தில் 10 காசு, 20 காசுச் செம்பு நாணயங்களை அடித்தது. 1808 என்று பொறித்த காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. சென்னைக் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கியிருக்க வேண்டிய காசுகள் ஏறத்தாழ 175 ஆண்டுகள் கடலடியில் கிடந்து, 1980களில் பெருமளவில் மேலே வந்தன. ஒரே ஆண்டு, ஒரே பட்டறை, யார் கையிலும் புழங்காதவை, விலையும் அதிகமில்லை. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கங்கள் தாங்கும் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன்கீழ் ரோமன் எண்ணில் மதிப்பு. இரண்டு பக்கத்திலும் ‘மேல்’ எது என்பதில் குழப்பம் கிடையாது. ஐம்பது காசு கையில் கிடைத்தால் நீராவி எந்திரத்தின் பிடி எவ்வளவு உறுதி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அளந்துவிடலாம்.

மேடைக்குக் கீழே இருக்கும் மேசையில் ஒரு ஸ்கேனரும், 20 முதல் 32 மில்லிமீட்டர் வரை வட்டம் வெட்டிய அட்டைகளும், ஊசியும் வைக்கப்பட்டிருக்கின்றன. காசு கொண்டுவந்திருப்பவர்கள் வரிசையில் வரலாம். அளந்த கோணத்தைக் காசு வைக்கும் காகித உறையிலேயே பென்சிலால் எழுதித் தரப்படும். காசை விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். அளப்பதற்கு முன் துடைக்க வேண்டாம். வேட்டி நுனியாலும் வேண்டாம்.